இருபத்தைந்து டாலர் யார் கைக்குப் போகிறது? இணையவழி நுண்கடனின் உள்கணக்கு

ஒரு பெண்ணின் படம். பக்கத்தில் அவருடைய கடை, குடும்பம், வாங்க நினைக்கும் சரக்கு பற்றி இரண்டு பத்தி. கீழே ஒரு பொத்தான்: 25 டாலர் கடன் கொடுங்கள். கொடுப்பவருக்கு வட்டி கிடையாது, தவணை தவணையாக அசல் திரும்பி வரும். இணையவழி நுண்கடன் தளம் என்றால் பெரும்பாலோர் மனதில் வரும் காட்சி இதுதான்.

இதே பக்கத்தைக் கொஞ்சம் கீழே உருட்டிப் பார்ப்பவர்கள் குழம்பிப் போகிறார்கள். கொடுப்பவர் வட்டி வாங்கவில்லை. ஆனால் வாங்குபவர் ஆண்டுக்கு 30, 35 சதவீதம் செலுத்துகிறார் என்று அங்கே இருக்கிறது. கடன் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதியோ, நாம் பணம் கட்டும் தேதிக்கு முந்தியதாக இருக்கிறது. இது மோசடியா? இல்லை. ஆனால் படத்தைப் பார்த்து நாம் மனதில் போடும் கணக்கும் உள்ளே நடக்கும் கணக்கும் ஒன்றில்லை. உள்ளே நடப்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில், நுண்கடன் என்பது என்ன?

வங்கி கடன் கொடுக்க இரண்டு விஷயம் கேட்கும்: அடமானம், வருமானத்துக்கான சான்று. தெருவோரத்தில் கடை போடுபவரிடம் இரண்டும் இருக்காது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி கந்துவட்டிக்காரர்.

இந்த இடைவெளியை நிரப்ப உலகின் பல பகுதிகளில் முயற்சிகள் நடந்தன. அதிகம் பேசப்பட்டது வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 1976-இல் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் தொடங்கியது. 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் அளவிலான தொகையைத் தன் பையிலிருந்து கொடுத்ததில் ஆரம்பித்து, 1983-இல் அது கிராமீன் வங்கி ஆனது. 2006-இல் வங்கிக்கும் அவருக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அடமானத்தின் இடத்தில் குழு வந்தது. பக்கத்து வீட்டார் சேர்ந்து குழுவாகக் கடன் வாங்குவார்கள், வாரந்தோறும் கூடித் தவணை கட்டுவார்கள். பல நிறுவனங்களில் ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு.

இணையம் இதில் நுழைந்தது 2005-இல். மேட் ஃபிளானரி, ஜெசிகா ஜாக்லி என்ற அமெரிக்கத் தம்பதி தொடங்கிய கீவா என்ற லாபநோக்கற்ற தளம், உகாண்டாவைச் சேர்ந்த ஏழு சிறு தொழில்முனைவோருக்கு முதல் கடன்களைத் திரட்டியது. வேகமாக வளர்ந்தது. 2007-இல் தொலைக்காட்சியிலும் புத்தகங்களிலும் பேசப்பட்ட பிறகு ஒரு வேடிக்கை நடந்தது: கொடுக்க வந்தவர்கள் குவிந்ததில், தளத்தில் கடன் கேட்பவர்கள் தீர்ந்துபோனார்கள். ஒரு கடனுக்கு ஒருவர் 25 டாலருக்கு மேல் தரக்கூடாது என்று கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. இன்று அந்தத் தளம் வழியாகப் போன கடன் 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

பணம் உண்மையில் போகும் வழி

கீவா போன்ற தளங்களுக்குக் கிராமங்களில் ஆள் கிடையாது. அங்கங்கே ஏற்கெனவே இயங்கும் நுண்கடன் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்கின்றன. இவற்றுக்குக் களப் பங்காளி என்று பெயர். வரிசை இப்படி:

1. கடன் கேட்பவர் தன் ஊரிலுள்ள நுண்கடன் நிறுவனத்துக்குப் போகிறார். இணையத் தளத்தின் பெயரை அவர் கேள்விப்படாமலே இருக்கலாம்.
2. கள அலுவலர் விசாரித்து, தகுதி பார்த்து, கடனை ஒப்புக்கொள்கிறார்.
3. நிறுவனம் தன் சொந்தக் கையிருப்பிலிருந்து பணத்தைக் கொடுத்துவிடுகிறது.
4. அப்புறம்தான் படம், கதை, மொழிபெயர்ப்பு, தளத்தில் ஏற்றுதல் எல்லாம்.
5. உலகின் பல மூலைகளிலிருந்து 25, 50 டாலர் என்று சேர்ந்து அந்தத் தொகை நிரம்புகிறது. அது நிறுவனத்துக்குப் போய், ஏற்கெனவே கொடுத்த கடனை ஈடுகட்டுகிறது.
6. கடன் வாங்கியவர் தவணையும் வட்டியும் நிறுவனத்திடம் கட்டுகிறார். வட்டி நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. அசல் மட்டும் தளம் வழியாகக் கொடுத்தவர்களுக்குத் திரும்புகிறது.

மூன்றாவதும் ஐந்தாவதும்தான் குழப்பத்தின் வேர். நாம் பொத்தானை அழுத்தும்போது படத்திலுள்ளவர் சரக்கு வாங்கி விற்கவே தொடங்கியிருப்பார். 2009 அக்டோபரில் டேவிட் ரூட்மன் என்ற ஆய்வாளர் இதை வெளிப்படையாக எழுதினார். பெரிய விவாதம் கிளம்பியது. குறிப்பிட்ட ஒரு தொழில்முனைவோருக்கு நீங்களே கடன் கொடுக்கலாம் என்று சொல்லிவந்த கீவா, கடன் வழியாக மனிதர்களை இணைக்கிறோம் என்று தன் வாசகத்தை மாற்றிக்கொண்டது.

அந்த விவாதத்தில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. கடனை முன்கூட்டியே கொடுப்பது வாங்குபவருக்கு நல்லது என்று ரூட்மனே சொன்னார். யோசித்துப் பாருங்கள்: பண்டிகைக்கு முன் சரக்கு எடுக்க வேண்டியவர், வேறு கண்டத்தில் யாரோ தன் படத்தை விரும்பும்வரை காத்திருக்க முடியுமா? படத்தை வைத்துத் தேர்வு நடந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். கீவாவின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், பார்வைக்கு அழகானவர்கள், ஒல்லியானவர்கள், வெளிர்நிறத்தவர் கேட்கும் கடன்கள் சீக்கிரம் நிரம்புவதைக் கண்டார்கள். பணம் ஏற்கெனவே கைக்குப் போய்விட்டதால், இந்தப் பாரபட்சம் கடன் கேட்பவரை நேராகத் தாக்காமல் நிறுவனத்தின் கையிருப்பில் கொஞ்சம் முன்பின் ஏற்படுத்துவதோடு முடிகிறது.

ஆக, நாம் கடன் கொடுப்பது படத்திலுள்ளவருக்கு என்பதைவிட, அவருக்குக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு என்பதே சரி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழும்.

வட்டி ஏன் அவ்வளவு?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். சிறு கடனின் பொருளாதாரம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒரு நிறுவனத்திடம் 1 லட்சம் டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே தொழிலதிபருக்குக் கொடுத்தால் ஒரு விண்ணப்பம், ஒரு விசாரணை, ஒரு கோப்பு. 500 டாலர் வீதம் கொடுத்தால் 200 பேர், 200 விசாரணை, மாதாமாதம் 200 வசூல், அதற்காக மண் சாலையில் பைக்கில் அலையும் ஊழியர்கள். ஒரு கடனை ஓராண்டு கவனிக்க 75 டாலர் செலவாகிறது என்று கொள்வோம். 500-க்கு 75 என்றால் 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் தவணை கட்டக் கட்ட நிலுவை குறைகிறது. ஆண்டு முழுதும் சராசரியாக வெளியே நிற்கும் தொகை சுமார் 270 டாலர்தான். அந்த 270-லிருந்து 75-ஐ எடுக்க வேண்டும் என்றால் 28 சதவீதம் வந்துவிட்டது, இன்னும் ஒரு காசு லாபம் வைக்காமலே.

இதன்மேல் நிறுவனம் வாங்கிய பணத்துக்கு வட்டி 10 சதவீதம், வராமல் போகும் கடனுக்கு 2 சதவீதம் வைத்தால் 40-ஐத் தொடுகிறது. உண்மைச் சராசரி இதைவிடக் குறைவுதான். உலக நுண்கடன் நிறுவனங்களின் சராசரி வட்டி 2011-இல் சுமார் 27 சதவீதம் என்று உலக வங்கி வளாகத்தில் இயங்கும் சிகேப் அமைப்பு கணக்கிட்டது. கடன் தொகை சிறிதாகச் சிறிதாக விகிதம் ஏறும்.

இப்போது முக்கியமான கேள்வி. நாம் வட்டியில்லாமல் பணம் கொடுத்தால் இதில் எது குறைகிறது? அந்த 10 சதவீதம் மட்டும்தான். மீதி 30 அப்படியே நிற்கிறது. அந்த 10-லும் படம் எடுப்பது, கதை எழுதுவது, கணக்கு ஒப்பிப்பது என்று ஒரு பங்கு போய்விடும். எஞ்சியதை நிறுவனம் வட்டியைக் குறைக்கவும் பயன்படுத்தலாம், எட்டாத கிராமத்தில் கிளை திறக்கவும் பயன்படுத்தலாம், லாபமாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம். எது நடக்கிறது என்பது நிறுவனத்தைப் பொறுத்தது, கொடுப்பவரின் நல்ல மனதைப் பொறுத்தது இல்லை. வாங்குபவர் வட்டி கட்டுவது கொடுப்பவருக்கு இழைக்கப்படும் துரோகம் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை; எந்த அளவு வட்டி, எதற்காக என்று கேட்பதில் அர்த்தம் உண்டு.

சொல்லும் வட்டி, கட்டும் வட்டி

இங்கே ஒரு பழைய வித்தையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 600 டாலர் கடன், ஓராண்டு, 20 சதவீத பிளாட் வட்டி. மொத்தம் 720, மாதம் 60.

1. பிளாட் வட்டி என்பது தொடக்கத்தில் வாங்கிய முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போடுவது. பாதி அசலைத் திருப்பியபிறகும் 600-க்கே வட்டி. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் இதே கடனின் உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் 35 சதவீதம்.
2. கட்டாயச் சேமிப்பு என்று 60 டாலரை முதலிலேயே பிடித்துவைத்து, கடைசியில் வட்டியில்லாமல் திருப்பித் தந்தால்? கைக்கு வந்தது 540 தான், வட்டி 600-க்கு. இப்போது உண்மை விகிதம் சுமார் 42.
3. செயலாக்கக் கட்டணம், காப்பீடு என்று சேர்த்தால் இன்னும் ஏறும்.

20 என்று சொன்னது 42 ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. தளங்கள் தங்கள் பங்காளிகளின் வட்டியை வெளியிடும்போது எந்த விகிதத்தை வெளியிடுகின்றன என்று பார்ப்பது இதனால்தான் அவசியம். 2010-இல் ஆப்பிரிக்காவின் ஒரு பெரிய பங்காளி நிறுவனத்தில் இப்படி எல்லாம் சேர்ந்த விகிதம் நூறைத் தாண்டியது செய்தியாகி, அந்தக் கூட்டு முறிந்தது.

திரும்பி வரும் பணம், திரும்பாத பணம்

கீவாவில் திருப்பிச் செலுத்தும் விகிதம் 96 சதவீதம் அளவில் இருந்துவருகிறது. அடமானமே இல்லாத கடனில் இது அசத்தலான எண். ஆனால் எல்லா வாங்குபவரும் ஒழுங்காகக் கட்டினார்கள் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஒருவர் கட்டாதபோது சில பங்காளி நிறுவனங்கள் தங்கள் கையிலிருந்து போட்டு ஈடுகட்டுவது உண்டு. கொடுப்பவருக்கு வந்து சேரும் ஆபத்து பெரும்பாலும் வேறு பக்கத்திலிருந்து வருகிறது:

1. நிறுவனமே சாய்வது. நிர்வாகக் கோளாறோ மோசடியோ ஒரு பங்காளியை விழுத்தினால், ஒழுங்காகக் கட்டிய நூறு பேரின் தவணையும் சேர்ந்து போகும். 25 டாலரை ஆளுக்கு ஆள் பிரித்தாலும், எல்லாம் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் என்றால் பிரித்ததாகாது.
2. அரசியல். 2008-இல் நிகராகுவாவில் கடனைக் கட்ட மாட்டோம் என்ற இயக்கமே எழுந்து, ஆட்சியாளர்களின் ஆதரவும் கிடைத்தது. இந்தியாவில் 2010 அக்டோபரில் ஆந்திர அரசு, வாங்கியவர்களின் தற்கொலைகளைத் தொடர்ந்து, நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே வீட்டில் பல நிறுவனங்கள் போட்டிபோட்டுக் கடன் கொடுத்ததுதான் பின்னணி. வசூல் ஏறக்குறைய நின்றுபோனது.
3. நாணய மதிப்பு. டாலரில் வாங்கி உள்ளூர் நாணயத்தில் கடன் கொடுக்கிறது நிறுவனம். 2023 ஜூனில் நைஜீரியா தன் நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டபோது, டாலருக்கு 470 ஒட்டி இருந்தது சில வாரங்களில் 750-ஐத் தாண்டியது. கடன் வாங்கியவர் ஒரு நைரா பாக்கி வைக்காமல் கட்டியிருந்தாலும் டாலர் கணக்கில் பெரிய ஓட்டை. இதை யார் ஏற்பது என்பதற்குக் கீவா ஒரு பங்கீட்டு முறை வைத்திருக்கிறது: ஒரு வரம்புவரை நிறுவனம், அதற்குமேல் கொடுத்தவர்கள்.

இடைத்தரகரை நீக்கிவிட்டால்?

செலவெல்லாம் நடுவில் இருப்பவரால்தானே, அவரை எடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் தொடங்கிய ஸிடிஷா, கள நிறுவனமே இல்லாமல் கென்யா போன்ற நாடுகளில் கைபேசிப் பணம் வழியாக வாங்குபவருக்கு நேரடியாக அனுப்பியது. வாங்குபவரின் செலவு வெகுவாகக் குறைந்தது. திரும்பி வராத பணமோ கூடியது. வீட்டுக்கு வந்து விசாரிக்கும் கள அலுவலர்தான் செலவு, அவரேதான் பாதுகாப்பும். டென்மார்க்கின் மைசி4 வேறு பாதையில் போனது. ஏல முறையில் கொடுப்பவருக்கும் வட்டி தந்தது. ஆப்பிரிக்க உள்ளூர்ப் பங்காளிகள் சிலர் தவறியதில் கொடுத்தவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ரங் தே, உள்நாட்டவர் உள்நாட்டவருக்கே கடன் கொடுக்கும் வடிவம். கொடுப்பவருக்கும் சிறு வட்டி உண்டு. இப்படிப்பட்ட தளங்களுக்கு ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் தனி விதிகள் கொண்டுவந்தது. ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் தொகை 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, கடன் காலம் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது, பணம் நாட்டின் எல்லையைக் கடக்கக்கூடாது. கடைசி விதியால் வெளிநாட்டிலிருந்து 25 டாலர் அனுப்பும் வடிவத்துக்கு அந்த விதிகளின்கீழ் இடமில்லை. 2024 ஆகஸ்டில் பிடி இன்னும் இறுகியது: இழப்பைத் தளமே ஈடுகட்டுவதாகவோ, இது ஒரு முதலீட்டுத் திட்டம் என்றோ காட்டி ஆள் சேர்க்கக் கூடாது.

கைபேசிக் கடன் சேவைகள் தனிக் கதை. கென்யாவில் 2012-இல் வந்த எம்-ஷ்வாரி, 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம் வாங்கியது. ஆண்டுக்கு மாற்றினால் 90. கள அலுவலர் செலவே இல்லாமல் இந்த விகிதம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. செலவு குறைந்தால் வட்டி தானாகக் குறையும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

சரி, வாங்கியவருக்கு என்ன பயன்?

இரண்டு வகை ஆய்வுகள் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரியும். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு மெக்கன்சி, டி மெல், உட்ரஃப் ஆகியோர் குறுந்தொழில் செய்பவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாயை நன்கொடையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மூலதனம் மாதந்தோறும் சுமார் 5 சதவீதம் லாபம் ஈட்டியது. இப்படிச் சம்பாதிப்பவருக்கு ஆண்டுக்கு 35 சதவீத வட்டி கட்டுப்படியாகும். ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒரு பிளவு இருந்தது: பெண்கள் நடத்திய தொழில்களில் லாபம் ஏறவில்லை. நுண்கடன் உலகம் முழுக்கப் பெண்களையே முன்னிறுத்துகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், 2015-இல் ஆறு நாடுகளின் ஆய்வுகள் சேர்ந்து வெளிவந்தன: போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ. இந்திய ஆய்வு ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் நடந்தது. நடத்தியவர்களில் பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. கடன் கிடைத்த பகுதிகளில் தொழில் முதலீடு கூடியது, வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள், அநாவசியச் செலவு குறைந்தது. குடும்பத்தின் மொத்த நுகர்வு உயரவில்லை. ஆறு ஆய்வுகளின் ஒட்டுமொத்தத் தொனியும் இதுதான்: ஓரளவு நன்மை, வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றும் அளவுக்கு இல்லை.

முரண்பாட்டுக்கு ஒரு விளக்கம் கடனின் வடிவத்தில் இருக்கிறது. கடன் வாங்கிய இரண்டாம் வாரமே தவணை தொடங்கினால், உடனே காசு புரளும் வியாபாரத்தில்தான் பணத்தைப் போட முடியும். தையல் இயந்திரமோ கறவை மாடோ வாங்கினால் முதல் தவணைக்கே திண்டாட்டம். கொல்கத்தாவில் நடந்த ஒரு சோதனையில் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். தொழில் முதலீடும் லாபமும் உயர்ந்தன, கட்டத் தவறியவர்களும் கூடினார்கள். நிறுவனங்கள் ஏன் உடனடித் தவணையையே விரும்புகின்றன என்பதற்கும், 96 என்ற எண்ணுக்கு வாங்குபவர் என்ன விலை தருகிறார் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

வட்டி எதிர்பாராத 25 டாலர் உண்மையில் வேலை செய்யக்கூடிய இடம் இதுதான். வங்கியில் கடன் வாங்கி நடத்தும் நிறுவனம் நீண்ட தவணை விடுமுறைக்குத் துணியாது. அறுவடைக்குப் பின் ஒரே தவணையாகக் கட்டும் விவசாயக் கடன், படித்து முடித்தபின் கட்டும் கல்விக் கடன், அகதிகளுக்கான கடன் போன்றவை பொறுமையான பணம் இருந்தால்தான் நடக்கும். கீவாவிலும் இவ்வகைக் கடன்கள் உண்டு. சாதாரணக் கடைச் சரக்குக் கடன்களுக்கு நடுவே அவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கடன் பக்கத்தில் எதைப் பார்ப்பது?

1. படத்துக்குக் கீழே இருக்கும் நிறுவனத்தின் பெயர். எத்தனை ஆண்டாக இயங்குகிறது, நிலுவை எவ்வளவு, மதிப்பீடு என்ன.
2. வாங்குபவர் கட்டும் மொத்தச் செலவு. பிளாட் விகிதமா, கட்டணங்கள் சேர்ந்த ஆண்டு விகிதமா. அதே நாட்டின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட வேண்டும். வேறு நாட்டோடு ஒப்பிட்டால் பணவீக்கம் கணக்கைக் குழப்பிவிடும்.
3. தவணை அட்டவணை. மாதாமாதமா, அறுவடைக்குப் பிறகா. கதையில் மாடு, அட்டவணையில் அடுத்த வாரமே தவணை என்றால் இரண்டில் ஒன்று சரியில்லை.
4. நாணய இழப்பு யார் தலையில் என்ற சிறிய எழுத்து வரி.
5. கடன் கைக்குப் போன தேதி. அது போன மாதமாக இருந்தால் பதற வேண்டியதில்லை. அந்தப் பெண் ஏற்கெனவே கடையைத் திறந்துவிட்டார்.